திருப்பிக் கொடுத்த நாற்பதாயிரம்

"ஆசைப்பட்டவன்தான் ஏமாறுவான்" என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. யாராவது ஆன்லைனில் பணத்தை விட்டார்கள் என்று செய்தி வந்தால், டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முதலில் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். போன ஆடி மாதத்திலிருந்து அந்தப் பேச்சு எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது, ஏனென்றால் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. வரவேண்டியதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. எனக்குச் சேராத பணம் என் கணக்கில் வந்துவிட்டது என்று நம்பினேன், அதைச் சீக்கிரம் உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று துடித்தேன், அந்தத் துடிப்பில் என் சொந்தப் பணம் நாற்பதாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை இழுத்தது பேராசை இல்லை. பிறகு எது என்று இத்தனை மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் குன்னூரில் பதினைந்து வருடமாகப் படம் எடுக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளிக்கூட ஆண்டுவிழா, இரண்டு மூன்று ரிசார்ட்டுகளுக்கு அறைப் படங்கள். ஏப்ரல், மே சீசனில் மூச்சுவிட நேரமிருக்காது, செப்டம்பர் அக்டோபர் இரண்டாவது சீசனில் ஓரளவு ஓடும். நடுவில் வரும் ஆடிதான் கொடுமை. முகூர்த்தம் கிடையாது, காற்றும் சாரலும் மூடுபனியுமாக இருப்பதால் வெளிப்புறப் படப்பிடிப்பும் கிடையாது. 2024 மே மாதம் மலைக்கு வண்டியில் வர இ-பாஸ் கட்டாயமானதிலிருந்து சமவெளியிலிருந்து திடீரென்று கிளம்பி வந்து ப்ரீ-வெட்டிங் எடுத்துக்கொண்டு போகிற ஜோடிகளும் எனக்குக் குறைந்துவிட்டார்கள். அந்த மாதத்தில் போன் அடித்து ஒருவர் "டேட் ஃப்ரீயா இருக்கா?" என்று கேட்டால், அவர் குரலே இனிமையாகத்தான் கேட்கும்.

அப்படித்தான் அந்த போன் வந்தது. திருத்தமான தமிழ், நடுநடுவே இந்தி. ராணுவத்தில் இருப்பதாகவும், பக்கத்து வெலிங்டனுக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும் சொன்னார். பையனுக்கு முதல் பிறந்தநாள், குவார்ட்டர்ஸிலேயே சின்ன விழா, அரை நாள் வேலை, ஒரு ஆல்பம். பதினெட்டாயிரம் சொன்னேன். பேரம் பேசவே இல்லை. வாட்ஸப் முகப்பில் சீருடையில் ஒருவர் படம். நான் கேட்காமலே அடையாள அட்டையின் படத்தையும், ராணுவக் கேன்டீன் அட்டையின் படத்தையும் அனுப்பினார். "சார், உங்களுக்கு நம்பிக்கை வரணும்ல" என்றார்.

வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள், எனக்குத் தெரியும். இந்த ஊரில் அது அவ்வளவு சுலபம் இல்லை. இங்கே பேரக்ஸ் என்று சொன்னால் போதும், மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தைத்தான் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் புரியும். பக்கத்திலேயே முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி, பிரிவினையின்போது குவெட்டாவிலிருந்து இங்கே வந்தது. பயிற்சி முடித்த பையன்கள் சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாளில் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் அப்பா அம்மாக்கள் வந்து, மகனைச் சீருடையில் பார்த்து அழுதுவிட்டு, மூவருமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள என்னிடம் வந்திருக்கிறார்கள். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தபோது, அந்த ஊர் ஜனங்கள் வீட்டிலிருந்த கம்பளியையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு நெருப்பை நோக்கி ஓடினார்கள். சீருடை என்றால் இங்கே எங்களுக்கு அந்த நெருக்கம். ராணுவக்காரர் என்று சொல்லி ஏமாற்றுவது நாடு முழுக்க நடக்கிற பழைய தந்திரம்தான், பழைய சோபா விற்கிறவர்களிடமும் வீடு வாடகைக்கு விடுகிறவர்களிடமும் இதே அடையாள அட்டைதான் போயிருக்கிறது. ஆனால் வெலிங்டனிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் அதைச் சொன்னால் வேறு விதமாகப் பாய்கிறது.

யோசித்துப் பார்த்தால் ஒன்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் எனக்கு வேலை கொடுத்த நிஜமான ராணுவக்காரர் ஒருவர்கூட அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பியதில்லை. நேரில் வருவார்கள், அல்லது ஆளை அனுப்புவார்கள். அட்டையைக் கேட்டாலே முகம் மாறும்.

இருபது நிமிஷம்

அட்வான்ஸ் ஐந்தாயிரம் என்று பேசியிருந்தோம். மாலை நாலு மணி இருக்கும், கடையில் நானும் உதவியாளர் தம்பியும். போன் வந்தது. "சார், அனுப்பிட்டேன், பாருங்க." பேசிக்கொண்டிருக்கும்போதே எஸ்எம்எஸ் வந்தது. என் கணக்கின் கடைசி நாலு எண், தேதி, ஒரு பரிவர்த்தனை எண், வரவு ரூபாய் 50,000. நான் வாய் திறப்பதற்குள் அவர் பதறினார். "ஐயோ, ஒரு சைபர் சேத்துப் போட்டுட்டேன் சார். இது என் காசு இல்ல, யூனிட் ஃபண்ட். சாயங்காலம் கணக்கு ஒப்படைக்கணும். நாப்பத்தஞ்சாயிரத்த உடனே திருப்பிப் போட்டுருங்க, இல்லன்னா எனக்கு சார்ஜ்ஷீட் வந்துரும்." பின்னால் யாரோ அதட்டுகிற சத்தம், பூட்ஸ் சத்தம்.

கடைசி நாலு எண் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு என்னிடம் கேட்டார்கள். அட்வான்ஸ் போடுவதற்காகக் கணக்கு விவரத்தை நான்தான் காலையில் அனுப்பினேன்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். பணத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. ஒரு மனிதர் என்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இருந்தது. என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஒருமுறை எடை போடும் இடத்தில் கணக்குப்பிள்ளை மூன்று கிலோ கூட்டி எழுதிவிட்டார். அம்மா இருட்டின பிறகு வீட்டில் கணக்குச் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்குப் போகும்முன் அலுவலகத்து வாசலில் நின்று அதைக் குறைத்து எழுத வைத்தார். நான் கூடப் போனேன், ஏழெட்டு வயது. கிலோவுக்குச் சில காசுகள் கிடைத்த காலம் அது. கணக்குப்பிள்ளை திட்டினார், அவர் தப்பு வெளியே தெரிந்த கோபம். அம்மா பதில் சொல்லாமல் கூடையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, இன்னொருவர் பணம் தன் கணக்கில் இருக்கிறது என்றால் உடம்பு கூசும். எனக்குக் கூசியது.

என் கணக்கில் அப்போது 47,600 இருந்தது. இரண்டாவது கேமராவுக்கான தவணையும் மகளின் பள்ளிக் கட்டணமும் அதில்தான். ஐம்பதாயிரம் சேர்ந்தால் 97,600. "மொத்தமா போட்டா சில சமயம் நிக்கும் சார், இருபது இருபதா போடுங்க" என்றார். முதல் இருபதாயிரம் போட்டேன். அவர் கொடுத்தது வேறு ஒரு எண், "அக்கவுன்ட் கிளார்க் நம்பர்" என்றார். போனது. வங்கியிலிருந்து பற்று எஸ்எம்எஸ் வந்தது. அதன் கடைசியில் மீதி இருப்பு: 27,600.

இந்த இடம்தான். நான் அந்த எண்ணைப் பார்த்தேன். பார்க்காமல் விட்டேன் என்று சொன்னால் என் மனசுக்கே பொய். 77,600 இருக்க வேண்டிய இடத்தில் 27,600 என்று தெளிவாக இருந்தது. நான் கணக்கில் மோசமானவன் இல்லை, ஆல்பத்துக்கு எத்தனை தாள், எவ்வளவு அடக்கம் என்று மனதிலேயே போடுகிறவன். அந்த எண்ணைப் பார்த்த அடுத்த நொடி, 'சர்வர் ஸ்லோ, இன்னும் ஏறியிருக்காது' என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். மழைக்காலத்தில் இங்கே நெட்வொர்க் படுத்துகிற பாட்டில் அது நம்பக்கூடிய காரணமும்கூட. ஆனாலும் அந்தக் காரணத்தை ஏன் அவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்தேன்? மோசடிக்காரன் பாதிக் கதைதான் கட்டுகிறான், ஓட்டை விழுகிற இடத்தில் நாமே மண் குழைத்துப் பூசிக் கொடுக்கிறோம். அவரைச் சந்தேகப்படுவது அநாகரிகம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. போனில் ஒருவர் கிட்டத்தட்ட அழும்போது, "இருங்க, பேலன்ஸ் செக் பண்ணிட்டு வர்றேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் போனை வைக்க விடவில்லை. "லைன்லயே இருங்க சார்" என்று நாலைந்து முறை சொன்னார். லைனில் இருக்கும்வரை யோசிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது இருபதாயிரமும் போட்டேன். மூன்றாவதாக ஐயாயிரம் போடப் போனபோதுதான், மேசையில் கிடந்த என் இன்னொரு போனை எடுத்துப் பார்த்த தம்பி மெல்லச் சொன்னான். "அண்ணா, வரவு மெசேஜ் பத்து இலக்க போன் நம்பர்ல இருந்து வந்திருக்கு. பேங்க் மெசேஜ்னா அனுப்பினவங்க பேரு எழுத்துலதான வரும்?" அவனுக்கு இருபத்தொரு வயது. நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன். எதிர்முனை உடனே கட்டானது. அடுத்த நிமிடம் வாட்ஸப் முகப்பில் சீருடைப் படமும் இல்லை.

"நீங்களாத்தானே போட்டீங்க?"

உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்திருக்க வேண்டும். பணம் முதல் கணக்கைத் தாண்டுவதற்குள் புகார் போனால் அங்கேயே முடக்கி வைக்க வழியிருக்கிறது, அந்த எண்ணை வைத்ததே அதற்காகத்தான். நான் அடிக்கவில்லை. ஐந்து மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது, அவள் திட்டவில்லை, "ஏங்க, அந்த நம்பருக்கு அடிச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். அவள்தான் அடித்தாள். பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்கள் இரண்டையும் வாசித்துக் காட்டினோம், இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்தோம். அதற்குள் அந்தப் பணம் மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. கடைசிக் கணக்கில் மிச்சமிருந்த 11,300 மட்டும் முடங்கியது. அதை எடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று அப்போது சொன்னார்கள்.

வங்கியில் மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்ட கேள்வியைத்தான் ஊட்டியில் காவல் நிலையத்திலும் கேட்டார்கள், உறவினர்களும் கேட்டார்கள். "நீங்களாத்தானே பின் நம்பர் போட்டீங்க?" ஆமாம், நானாகத்தான் போட்டேன். 2017-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஒரு விதி இருக்கிறது: வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வெளியாள் யாரோ பணத்தை எடுத்துவிட்டால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. என் விஷயம் அதற்குள் வராது, ஏனென்றால் என் அனுமதியோடு, என் விரலால் போன பணம் அது. கதவை உடைத்தவனுக்குச் சட்டத்தில் ஒரு பெயர், கதவைத் திறக்கவைத்தவனுக்கு வேறு பெயர். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இருக்கிறது, சரி, ஆனால் அது ஆளைப் பிடித்த பிறகு.

விழிப்புணர்வு வாசகங்களைப் படிக்காதவன் இல்லை நான். 'பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை' என்பது எனக்கு மனப்பாடம். பணம் கேட்டு வருகிற கோரிக்கையை வரவு என்று நினைத்து ஜனங்கள் பின் நம்பர் போட்டுவிட்டதால்தான் அந்த எச்சரிக்கை வந்தது, யுபிஐ-யில் தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் தொடக்கத்தில் நிறுத்தியும்விட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த எச்சரிக்கையெல்லாம் வாங்குகிறவனுக்கு. நான் கொடுக்கிறவனாக இருந்தேன், கொடுக்கும்போது பின் போடுவது இயல்பு. என் மண்டையில் எந்த மணியும் அடிக்கவில்லை.

எங்கள் போட்டோகிராபர்கள் வாட்ஸப் குழுவில் நடந்ததை முழுசாக எழுதினேன். குழுவில் கைகூப்பும் படங்கள் இரண்டு வந்தன, அவ்வளவுதான். அன்று இரவு தனித்தனியாக நாலு பேர் போன் செய்தார்கள். நாலு பேருக்கும் ஏதோ ஒரு வடிவில் நடந்திருக்கிறது, ஒருவர்கூட அதற்கு முன் வெளியே சொல்லவில்லை. ஸ்டூடியோ பெயர் கெட்டுவிடும் என்ற பயம். நான் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்ததும் அதே பயத்தில்தான்.

நிஜமாகவே வந்த பணம்

அந்த நாலில் கோத்தகிரி நண்பர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அவருக்கு வந்த பணம் பொய் இல்லை. அட்வான்ஸ் எட்டாயிரத்துக்குப் பதில் நாற்பத்தெட்டாயிரம் நிஜமாகவே கணக்கில் ஏறியது. இருப்பையும் பார்த்திருக்கிறார், சரியாக இருந்திருக்கிறது. "தவறிப்போச்சு, மீதிய என் தம்பி நம்பருக்குப் போடுங்க" என்றதும் போட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து அவர் கணக்கே முடங்கியது. வேறு மாநிலத்தில் யாரிடமோ திருடிய பணம் அது. திருடியவன் இவர் கணக்கு வழியாக ஒரு சுற்று ஓடவிட்டு, வேறு எண்ணில் வெளியே எடுத்துக்கொண்டான். பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும், காவல்துறை தடம் பிடித்துக்கொண்டு இவர் கணக்கில் வந்து நின்றது. பேசிய வாட்ஸப் உரையாடல், ரசீது, அழைப்பு விவரம் எல்லாவற்றையும் கொடுத்து, தான் படம் எடுக்கிறவன், பணம் கடத்துகிறவன் இல்லை என்று நிரூபிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் வீட்டு வாடகைக்குக்கூடக் கடன் வாங்கியிருக்கிறார். எனக்குப் போனது பணம். அவருக்கு, போலீஸ்காரர் முன்னால் உட்கார்ந்து தன்னைத் திருடன் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது.

அமெரிக்காவில் இருக்கும் போட்டோகிராபர்களுக்கு இதே முடிச்சைப் பல வருடமாகக் காசோலையில் போடுகிறார்களாம், தேடித் தேடிப் படித்தேன். குடும்பச் சந்திப்பைப் படம் எடுக்க வேண்டும் என்று மின்னஞ்சல் வரும், காது கேட்காது அதனால் போனில் பேச முடியாது என்பார்கள், பேசிய தொகையைவிடப் பெரிய தொகைக்கு வங்கிக் காசோலை வரும். விழா ஏற்பாட்டாளர் கார்டு வாங்க மாட்டார், மீதியை நீங்களே அவருக்கு அனுப்பிவிடுங்கள் என்பார்கள். காசோலை போட்ட ஓரிரு நாளில் பணத்தை எடுக்க வங்கி விட்டாக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் காசோலை போலி என்று தெரியவரச் சில வாரங்கள்கூட ஆகும். தெரிந்ததும் முழுத் தொகையையும் வங்கி போட்டோகிராபரிடமிருந்தே பிடித்துக்கொள்ளும், அவர் அனுப்பியது போனது போனதுதான். இங்கே எஸ்எம்எஸ், அங்கே காசோலை. இரண்டு இடத்திலும் பிடித்தது ஒரே இடத்தில்: கூடுதலாக வந்ததைக் கையில் வைத்துக்கொள்ளக் கூசுகிறவன். காசைச் சுருட்டிக்கொள்கிறவனிடம் இந்த வித்தை பலிக்காது. அவன் "அப்புறம் பார்க்கலாம்" என்று போனை வைத்துவிடுவான், பிழைத்துக்கொள்வான்.

நம் தொழில் இதற்கு வசதியாக அமைந்திருக்கிறது என்றும் தோன்றுகிறது. முகம் தெரியாதவரிடம் தேதியை வாங்கி, முகம் தெரியாமலே அட்வான்ஸ் வாங்கி, அவர் வீட்டுக்கே போகிற தொழில். கேட்டபடி வளைந்து கொடுத்தே பழகிவிட்டோம். விழா முடிந்து மூன்று மாதம் கழித்து "இந்தப் படத்துல மாமாவை வெட்டிடுங்க" என்றாலும் சரி என்போம். வாடிக்கையாளர் பதறினால் நாமும் பதறுவோம்.

இப்போது நான் கூடுதலாக வந்த பணத்தைக் கையால் திருப்பி அனுப்புவதில்லை. முதலில் வங்கிக் கணக்கைத் திறந்து வரவைப் பார்ப்பேன், எஸ்எம்எஸ்ஸைப் பார்ப்பதில்லை. நிஜமாகவே வந்திருந்தால் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பச் சொல்வேன். தம்பி நம்பர், கிளார்க் நம்பர் எதற்கும் போடுவதில்லை. கேட்கிறவர் எவ்வளவு அவசரம் என்றாலும் போனை வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இது சரியான வழி, சந்தேகமே இல்லை.

தை மாதம் ஒரு டீச்சரம்மா, என்னுடைய பழைய வாடிக்கையாளர், ஆல்பத்துக்கான பாக்கி எட்டாயிரத்தைப் போட்டார். ஆப் நின்றுவிட்டது என்று இன்னொரு முறையும் போட்டுவிட்டார். போன் செய்தார். "ரெண்டு தடவ போயிருச்சு சார், ஒண்ணத் திருப்பிப் போட்டுருங்க, மாசக் கடைசி." அவர் குரல் எனக்குத் தெரியும். கணக்கைப் பார்த்தேன், இரண்டு வரவும் இருந்தன. அப்படியும் என் விரல் நகரவில்லை. "டீச்சர், பேங்க்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு, நாளைக்கு அவங்க மூலமாவே போட்டுடறேன்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. "எம் பொண்ணு காதுகுத்துலேருந்து நீங்கதான் சார் படம் எடுக்கறீங்க" என்றார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன், "பரவால்ல சார், உங்க சௌகரியம்" என்று வைத்துவிட்டார். மறுநாள் பதினொரு மணிக்கெல்லாம் அவர் கணக்குக்குப் பணம் போய்விட்டது. செய்தி அனுப்பினேன், பார்த்திருக்கிறார், பதில் இல்லை. இரண்டு முறை கடை வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடந்து போனார். மகளின் மஞ்சள் நீராட்டு ஆல்பம், முப்பது தாள், காசு முழுசாகக் கொடுத்தது, இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. இந்த ஞாயிறு நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.